பஸ் கட்டணத்தைப் பாதியாக்கினால் சாலை நெரிசல் குறையுமா? கணக்கோடு சொல்லுங்கள்

திண்ணைவாசி (கேள்வி)

நகர நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு கோரிக்கை மனு தயாராகிறது. அதன் முதுகெலும்பான வரி இது: "நகரப் பேருந்துக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தால் மக்கள் சொந்த வண்டிகளை விட்டுப் பேருந்துக்கு வருவார்கள், நெரிசல் தீரும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதிரில் உட்காரும் பொறியாளர் "எத்தனை பேர் வருவார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பதில் இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை: கட்டணம் 50% குறைந்தால் பயணிகள் எவ்வளவு கூடுவார்கள்? அதில் வண்டியை விட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? வருமானத்தில் விழும் துண்டு எவ்வளவு? முழு இலவசமாக்கிய நகரங்களில் என்ன ஆனது?

கணக்குக்கு ஒரு கற்பனை நகரம் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,00,000 பேருந்துப் பயணங்கள். முக்கிய வழித்தடம் 15 கி.மீ., 10 நிமிடத்துக்கு ஒரு பஸ்.

---

கணக்குப்பிள்ளை

போக்குவரத்துத் திட்டமிடலில் பழைய ஒரு கட்டைவிரல் விதி உண்டு, சிம்ப்சன்–கர்ட்டின் விதி. கட்டணம் 3% ஏறினால் பயணிகள் 1% குறைவார்கள். அதாவது நெகிழ்ச்சி (கட்டணம் 1% மாறினால் பயணிகள் எத்தனை சதவீதம் மாறுவார்கள் என்ற அளவு) சுமார் −0.3. ஊருக்கு ஊர் மாறும், சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இதைவிடக் கூடவே இருக்கும். மனுவுக்கு முதல் மதிப்பீடாக இது போதும்.

பாதிக் கட்டணத்துக்கு இதை நேராகப் பெருக்கி "50 × 0.3 = 15%" என்று போடாதீர்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு அடுக்குக்குறிக் கணக்குதான் பொருந்தும்: 0.5 இன் அடுக்கு −0.3 = 1.23. ஆக 1,00,000 பயணம் 1,23,000 ஆகும். ஆனால் ஒவ்வொன்றிலும் வருவது பாதிக் காசு. வருமானம் 100க்கு 61.5 ஆக இறங்கும்.

கட்டணம் இயக்கச் செலவில் 60% ஈட்டுகிறது, மீதி 40% மானியம் என்று கொள்ளுங்கள். செலவு 100 என்றால் கட்டண வருமானம் 60இலிருந்து 37 ஆகிவிடும், மானியம் 40இலிருந்து 63 ஆக வேண்டும். பஸ் ஒன்றுகூடக் கூட்டாமலே மானியம் ஒன்றரை மடங்குக்கு மேல். இந்த எண்ணை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிராளி சொல்லும்போதுதான் அது வெடிகுண்டாகும்.

புதிதாக வந்த அந்த 23,000 பயணங்கள் எங்கிருந்து வந்தன என்பதே அடுத்த கேள்வி. நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், அந்தப் பயணத்தையே செய்யாமல் இருந்தவர்கள், ஏற்கெனவே பஸ்ஸில் போய் இப்போது இன்னொரு முறை ஏறுகிறவர்கள். வண்டியை விட்டு வருவோர் இதில் ஒரு பகுதி மட்டும். தாராளமாகக் கால்வாசி என்றே எடுத்துக்கொண்டாலும் 5,750 பேர். வண்டிக்கு 1.5 பேர் வீதம் சுமார் 3,800 வண்டிப் பயணங்கள். நாள் முழுக்க, ஊர் முழுக்கப் பரவிய எண் இது. ஒரு சந்திப்பில் நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

எஸ்தோனியாவின் தலைநகர் டாலினில் 2013 ஜனவரி முதல் பதிவுபெற்ற குடியிருப்பாளர்களுக்குப் பயணம் இலவசம். பின்னர் நடந்த ஆய்வில் பொதுப் போக்குவரத்துப் பயன்பாடு 14% கூடியிருந்தது. காரில் போவோரின் பங்கு 5% குறைந்தது. நடப்பவர்களின் பங்கு 40% விழுந்தது! காரில் போனவர்கள் சராசரியாக முன்பைவிட அதிகத் தூரம் ஓட்டியதால் கார் பங்கில் கிடைத்த லாபமும் கரைந்தது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997இல் இலவசமாக்கியது, செலவு தாங்காமல் 2013இல் மறுபடி கட்டணத்துக்கு வந்தது. ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோ சீட்டு, ஏறத்தாழ 5.2 கோடி சீட்டுகள் விற்றன. அதில் நடந்த பயணங்களில் பத்தில் ஒன்றுதான் காருக்குப் பதிலாக நடந்தது என்று போக்குவரத்து நிறுவனங்களின் சங்கமே கணக்குச் சொன்னது.

---

கடைசிநடை

மேலே சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி வைத்திருப்பவர் பஸ் கட்டணத்தை ஒப்பிடுவது அன்றைய எரிபொருள் செலவோடு மட்டும். வண்டியின் விலை, காப்பீடு எல்லாம் ஏற்கெனவே போன காசு. மற்றபடி அவர் பார்ப்பது நேரத்தைத்தான்.

12 கி.மீ. பயணம் ஒன்றைப் பாருங்கள். கார் நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. என்றால் 36 நிமிடம். பஸ்ஸில்: நிறுத்தத்துக்கு நடை 6, காத்திருப்பு 8, ஓட்டம் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் 51, இறங்கி நடை 5. மொத்தம் 70. கட்டணத்தைச் சுழியமாக்கினாலும் இதில் ஒரு நிமிடம் குறையாது. தவிர, நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் மனக்கணக்கில் பஸ்ஸுக்குள் உட்காரும் ஒரு நிமிடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். திட்டமிடுபவர்கள் காத்திருப்பை அப்படித்தான் எடையிடுகிறார்கள்.

ஆகவே வேகத்தைப் பிடியுங்கள். வேகம் கூடினால் செலவும் குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் 15 கி.மீ. தடம்:

மணிக்கு 12 கி.மீ. என்றால் ஒரு நடை 75 நிமிடம். போக வர 150, இரு முனையிலும் ஓய்வு 15 வீதம் 30. சுற்று நேரம் 180 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 18 பஸ் வேண்டும்.

மணிக்கு 15 கி.மீ. ஆனால் ஒரு நடை 60. சுற்று நேரம் 150. அதே 10 நிமிட இடைவெளிக்கு 15 பஸ் போதும். 18 பஸ்ஸையும் அதே தடத்தில் ஓட்டினால் இடைவெளி 8 நிமிடம் 20 நொடி. புதுப் பஸ் வாங்காமல், ஆள் எடுக்காமல் சேவை 20% கூடிவிட்டது.

அந்த 3 கி.மீ. வேகம் எங்கே ஒளிந்திருக்கிறது? பெரும்பாலும் மூன்று இடத்தில்.

ஒன்று, நிறுத்தத்தில் ஏறும் நேரம். ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் ஆளுக்கு ஏறத்தாழ 5 நொடி. அட்டையைத் தட்டினால் இரண்டரை. ஒரு நடைக்கு 160 பேர் ஏறினால் வித்தியாசம் 400 நொடி, கிட்டத்தட்ட 7 நிமிடம். முன்பே சீட்டு வாங்கி எல்லாக் கதவிலும் ஏறினால் இன்னும் மிச்சம். நடத்துநர் உள்ள பஸ்ஸில் ஏறும்போது தாமதம் தெரியாது, ஆனால் கட்டண நிலை மாறுவதற்குள் சீட்டுப் போட்டு முடிக்க வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார்களே, அங்கே அது ஒளிந்திருக்கும். நிலைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஓரங்கட்டல்.

இரண்டு, நிறுத்தங்களின் நெருக்கம். 250 மீட்டருக்கு ஒன்று என்றால் 15 கி.மீ.க்கு 60 நிறுத்தம். 400 மீட்டர் என்றால் 37 அல்லது 38. வேகம் குறைத்து, கதவு திறந்து மூடி, மறுபடி வேகமெடுப்பதில் நிறுத்தத்துக்கு 20 நொடி போகிறது, ஏறுகிறவர் ஒருவரே ஆனாலும். எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை என்று கழித்தாலும் ஒரு நடைக்கு 5 நிமிடம் கிடைக்கும். மருத்துவமனை, சந்தை வாசலில் கை வைக்காதீர்கள்.

மூன்று, சிக்னலும் வரிசையும். இதற்குத் தனித்தடம், அதாவது சாலையில் பஸ்ஸுக்கு மட்டுமான பாதை, வேண்டும். அது பெரிய கதை.

இன்னொன்று: பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருவது. 10 நிமிட இடைவெளி சீராக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் 10 நிமிடம். பஸ் எண்ணிக்கை மாறவில்லை, சேவை பாதியாகிவிட்டது. முதல் பஸ் கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் ஆள் சேரும், ஏற்ற நேரமாகும், மேலும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ் காலியாக விரைந்து அதைத் தொட்டுவிடும். தானாகச் சரியாகவே ஆகாத நோய் இது. நடுவழியில் ஒன்றிரண்டு நிறுத்தங்களில் பின்வண்டியை ஓரிரு நிமிடம் பிடித்து வைப்பதே மருந்து. அட்டவணை நேரத்தைப் பார்த்துப் பிடிப்பதைவிட முன்வண்டிக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பிடிப்பது நல்லது. வசூலுக்கு ஏற்பப் படி தரும் ஊர்களில் இந்த மருந்து வேலை செய்யாது. யாரும் நிற்க மாட்டார்கள், முந்துவார்கள். கொலம்பியாவின் தலைநகரான பழைய பொகோட்டாவில் இதற்குக் 'காசுச் சண்டை' என்றே பெயர். ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தரும் ஒப்பந்தமாக மாற்றினால்தான் அது நிற்கும்.

---

சில்லறை

இருவரும் சொன்ன எண்களில் தப்பில்லை. ஆனால் படித்து முடித்தால் "கட்டணம் முக்கியமில்லை" என்ற எண்ணம் வருகிறது, அங்கேதான் மாறுபடுகிறேன்.

முதலில் ஒரு சங்கடமான கணக்கு. பாதிக் கட்டணத்துக்கு ஆன 23 அலகு கூடுதல் மானியத்தைக் (40இலிருந்து 63) கட்டணக் குறைப்புக்குப் பதிலாகக் கூடுதல் சேவைக்குக் கொடுங்கள். புதுப் பயணிகள் தரும் கட்டணத்தையும் சேர்த்தால் சுமார் 30% கூடுதல் ஓட்டம் வாங்கலாம். சேவை நெகிழ்ச்சி (ஓட்டம் 1% கூடினால் பயணிகள் எத்தனை சதவீதம் கூடுவார்கள் என்பது) உடனடியாக 0.4 அளவு, ஆக 11 அல்லது 12% பயணிகள். சில ஆண்டுகளில் 0.7 ஆனாலும் 20%. அதாவது வெறும் தலை எண்ணிக்கையில் கட்டணக் குறைப்பே முன்னால் நிற்கிறது! வண்டியை விட்டு வருவோர் நேரம் பார்க்கிறவர்கள், அவர்களைச் சேவைதான் இழுக்கும், அது சரி. ஆனால் நடந்துபோய்க் கால் ஓய்ந்தவர் பஸ் ஏறுவதை 'வீண்' என்று எந்தக் கணக்கில் எழுதுவது? தில்லியில் 2019 முதலும் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதலும் பெண்களுக்கு இலவசம். அவை நெரிசலுக்காகப் போட்ட திட்டங்களே அல்ல. நெரிசல் குறையவில்லை என்று அவற்றைக் குறை சொல்வது, நெல் வயலில் போய்க் கரும்பு விளையவில்லையே என்று கேட்பதுபோல.

மனுவில் இரண்டு நோக்கத்தையும் பிரித்து எழுதுங்கள். கட்டணக் குறைப்பு ஏழைகளின் நடமாட்டத்துக்கு. நெரிசலுக்கு வேறு.

அப்புறம், எல்லாருக்கும் ஒரே வெட்டாகப் பாதி என்பது முரட்டுக் கத்தரி. அதே பணத்துக்கு நுட்பமான வெட்டுகள் உள்ளன.

மாறி ஏறும்போது இரண்டாவது கட்டணம் வாங்கக் கூடாது. இரண்டு பஸ் மாறுகிறவர் பெரும்பாலும் ஊர் விளிம்பில் குடியிருப்பவர், வருமானமும் குறைவு. அவருக்கு இதுவே ஏறக்குறைய பாதிக் கட்டணம். சியோல் 2004 ஜூலையில் பஸ்ஸையும் மெட்ரோவையும் ஒரே அட்டையில் இணைத்து, மொத்தத் தூரத்துக்கு மட்டும் கட்டணம் என்று மாற்றியது. லண்டனில் 2018இலிருந்து, அட்டையை முதலில் தட்டியதிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். இதனால் இன்னொரு லாபம்: எல்லாத் தடத்தையும் ஊர் நடுவுக்கு நேராக இழுத்து மையத்தைப் பஸ்களாலேயே அடைக்கும் கட்டாயம் போய்விடும். குறுக்குத் தடங்கள் பிழைக்கும்.

நாள் உச்சவரம்பு வையுங்கள். மாத பாஸ் மொத்தமாகக் காசு வைத்திருப்பவருக்கே உதவும். அன்றாடக் கூலிக்காரர் மாதம் முழுக்கத் தனித்தனியாக வாங்கி அவரைவிட அதிகம் கொடுப்பார். நாளுக்கு, வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று அட்டையிலேயே நிறுத்திவிட்டால் அந்த அநியாயம் தீரும். அட்டை இல்லாமல் காசு மட்டும் வைத்திருப்பவரை மறந்துவிடக் கூடாது. நிறுத்தத்தருகே கடைகளில் அட்டை விற்கவும் பணம் ஏற்றவும் வழி வேண்டும்.

கூட்டமில்லாத நேரத்தில் வெட்டுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை இருக்கைகள் காலியாக ஓடுகின்றன, அங்கே ஏறும் கூடுதல் ஆளுக்குச் செலவே இல்லை. அந்த நேரத்துப் பயணிகளின் விலை உணர்ச்சி, கூட்ட நேரத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. மாறாகக் கூட்ட நேரத்தில் வரும் புதுப் பயணிக்குப் புதுப் பஸ் வேண்டும். அது காலை 2 மணி, மாலை 2 மணி ஓடும். ஓட்டுநருக்கு முழு நாள் சம்பளம், பணிமனையில் முழு நாள் இடம். நகரப் போக்குவரத்தில் மிக விலை உயர்ந்த இருக்கை அதுதான்.

---

நாற்சந்தி

நெரிசல் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

சாலை அதன் கொள்ளளவை நெருங்கும்போது கடைசியாக நுழையும் சில வண்டிகள்தான் எல்லோரையும் நிறுத்துகின்றன. ஆகவே கூட்ட நேரத்தில் சிறு குறைவு வந்தாலும் தாமதம் பெரிதாகக் குறையும். நல்ல செய்தி. கெட்ட செய்தி: சாலை கொஞ்சம் காலியானது தெரிந்ததும் வேறு நேரத்தில் போனவர், வேறு வழியில் போனவர், பஸ்ஸில் போனவர் எல்லோரும் அங்கே திரும்பி வருவார்கள். சில மாதத்தில் பழைய நிலை. பஸ்ஸை மலிவாக்கி ஒருவரைச் சாலையிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்வார். காலியான இடத்தை யாராவது பூட்ட வேண்டும்.

ஸ்டாக்ஹோம் இதைத் தெரியாமலே சோதனையாக்கிக் காட்டியது. 2005 ஆகஸ்டில் கூடுதல் பஸ்கள் விட்டார்கள். கார் ஓட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. 2006 ஜனவரியில் மையப் பகுதிக்குள் நுழையக் கட்டணம் வந்தது. எல்லையைக் கடக்கும் வண்டிகள் உடனே 20% அளவு குறைந்தன. ஜூலை இறுதியில் சோதனை முடிந்ததும் வண்டிகள் திரும்பின. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது, மறுபடி குறைந்தது.

பஸ்ஸுக்கு வேலையில்லை என்று இதைப் படிக்காதீர்கள். விரட்டப்பட்டவர் ஏறுவதற்குப் பஸ் தயாராக இருக்க வேண்டும். லண்டன் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு நெரிசல் கட்டணம் தொடங்கியபோது முதல் நாளே சுமார் 300 கூடுதல் பஸ்கள் ஓடின. வரும் பணம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்று சட்டத்திலும் எழுதினார்கள். சிங்கப்பூர் 1975இலேயே தாள் வில்லையை வைத்துத் தொடங்கியது, மின்னணு முறை 1998இல்தான். ஆகவே "தொழில்நுட்பம் இல்லை" என்பது சாக்கு.

நெரிசல் கட்டணம் அரசியலில் கடினம் என்றால் வண்டி நிறுத்தக் கட்டணத்திலிருந்து தொடங்குங்கள். கடைத்தெருவில் இலவசமாக நாள் முழுக்க நிற்கும் ஒவ்வொரு காரும் பொது நிலத்தை வாடகையில்லாமல் அனுபவிக்கிறது. மணிக்கணக்கில் வசூலித்து, நேரம் ஏற ஏற விகிதத்தை உயர்த்தி, அந்தப் பணத்தை அதே பகுதியின் பஸ்களுக்கு என்று தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பொதுக் கணக்கில் விழுந்தால் அடுத்த ஆண்டு அது மேம்பாலமாக எழுந்து நிற்கும்.

---

திண்ணைவாசி

நன்றி. மனுவின் முதல் வரி போயிற்று! கட்டணத்தையும் நெரிசலையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுகிறோம். கடைசிநடை, தனித்தடம் பற்றி "பெரிய கதை" என்று நிறுத்திவிட்டீர்கள். பொறியாளர் "ஒரு பாதையைப் பஸ்ஸுக்குக் கொடுத்தால் மீதிப் பாதை நாசமாகும்" என்று சொல்வார். என்ன பதில்? ஓரத்தில் கேட்பதா, நடுவில் கேட்பதா?

---

கடைசிநடை

பதில் எண்ணில் இருக்கிறது. சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு பாதை மணிக்கு ஏறத்தாழ 800 கார் கடத்தும். காருக்கு 1.5 பேர், 1,200 பேர். அதே பாதையில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 3,600. ஆனால் இதே கணக்கு உங்களையும் கடிக்கும். மணிக்கு 6 பஸ் மட்டும் போகும் சாலையில் 360 பேர்தான், அங்கே முழு நேரத் தனித்தடம் கேட்காதீர்கள்; காலியான தடத்தைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வளரும். உங்கள் 10 நிமிடத் தடம் தனியாக நின்றால் தகுதி பெறாது. பல வழித்தடங்கள் சேர்ந்து மணிக்கு 20, 30 பஸ் ஓடும் துண்டுகளைத் தேடிக் கேளுங்கள்.

ஓரத்தடம் மலிவு: வண்ணம், கோடு, பலகை போதும். 3.25 முதல் 3.5 மீட்டர் அகலம். அதன் எதிரிகள் நிறுத்திவைத்த வண்டிகள், சரக்கு இறக்குவது, பக்கத் தெருவுக்குத் திரும்புவோர். 1 கி.மீ. தடத்தில் ஒரே ஒரு கார் நின்றாலும் பஸ் வெளியே வந்துதான் உள்ளே போக வேண்டும், தடம் அங்கேயே செத்தது. காவலர் ஒரு வாரம் நின்று போய்விடுவார். பஸ்ஸின் முகப்பிலேயே கேமரா வைத்து அபராதம் அனுப்புவது நிலைக்கும். சரக்குக்குக் காலை கூட்ட நேரத்துக்கு முன் ஒரு மணிநேரம் ஒதுக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர்கள் எல்லோரும் எதிரணி.

நடுத்தடத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பயணி சாலையின் பாதியைக் கடந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். கடக்கும் இடத்தில் சிக்னல் இல்லாமல் கட்டினால் விபத்து நிச்சயம். நடுத்தடத்தைக் குறுக்கே வெட்டித் திரும்பும் வண்டிகளுக்குத் தனி நேரம் கொடுத்தால் சிக்னல் சுற்று நீண்டு பஸ்ஸும் சேர்ந்து நிற்கும். அந்தத் திரும்பல்களைத் தடை செய்து, அடுத்த சந்திப்பைச் சுற்றி வர வைப்பது மேல். தில்லியின் நடுத்தடம் 2008இல் திறந்து 2016இல் பிரித்தெடுக்கப்பட்டது. சிக்னல் காத்திருப்பும் தடத்துக்குள் மற்ற வண்டிகள் நுழைந்ததும் அதன் பெயரைக் கெடுத்தவற்றுள் அடக்கம்.

முழு நீளம் கிடைக்காவிட்டால் சந்திப்புக்கு முன் 80, 100 மீட்டர் மட்டும் கேளுங்கள். தாமதத்தின் பெரும்பகுதி அங்கேதான். பஸ் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நிற்கும், அதற்கு மட்டும் 4, 5 நொடி முன்பச்சை. பச்சையை 5 முதல் 10 நொடி நீட்டும் கருவி வைத்தால், நிறுத்தத்தைச் சந்திப்புக்கு அப்பால் நகர்த்துங்கள். இப்பால் இருந்தால் பஸ் வருகிறது என்று சிக்னல் காத்திருக்கும், பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும், நீட்டிய பச்சை வீண்.

பஸ்ஸுக்கு ஒதுங்க வளைவு வெட்டித் தருகிறோம் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு மறுத்துவிடுங்கள். பின்னால் வரும் கார்களுக்குத்தான் அது உதவி. பஸ் மறுபடி உள்ளே நுழைய இடம் கேட்டுக் காத்திருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

ஒரு சேர்க்கை. மாற்றத்துக்கு முன்பே அளந்து வையுங்கள், பின்னால் போய் அளக்க முடியாது. வேலை நாள்கள் 5, காலை 8 முதல் 10 வரை, மாலை 5 முதல் 8 வரை. சந்திப்பில் வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணச் சொல்லுங்கள்: பஸ்ஸுக்குள் எத்தனை பேர், காருக்குள் எத்தனை, இரு சக்கர வண்டியில் எத்தனை. பஸ்களின் ஜிபிஎஸ் பதிவில் சராசரி வேகத்தை மட்டும் எடுக்காமல், இருபது நடையில் மோசமான ஒரு நடை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் எடுங்கள். வேலைக்குப் போகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது அந்த மோசமான நடைதான். பள்ளி விடுமுறை வாரத்தில் அளந்தால் அந்தத் தாளை அப்படியே கிழித்துப் போடலாம்.